பாரிஸ் போறவங்க இந்த நாணய மியூசியத்தை விட்டுடாதீங்க

பாரிஸ்ல படிக்கிற பையனைப் பாக்கப் போனப்ப முதல்ல ஒரு டூர்காரங்க கூடத்தான் சுத்தினோம், ஈபிள் டவர், ஷாப்பிங்னு இழுத்துட்டே ஓடுனாங்க, பழைய காசு பாக்கணும்னு கேட்டா அதெல்லாம் லிஸ்ட்லயே இல்லன்னுட்டாங்க. மனசு ஆறல. மறுநாள் பையனைக் கூட்டிக்கிட்டு நானே கிளம்பிட்டேன். ரிச்செலியு தெருவுல பிரான்ஸ் நேஷனல் லைப்ரரியோட பழைய கட்டடத்துக்குள்ளதான் இந்த மியூசியம் இருக்கு, பூர்ஸ் மெட்ரோல இறங்குனா நடக்கற தூரம்தான். பல வருஷம் மராமத்து நடந்து 2022 செப்டம்பர்ல திரும்பத் திறந்தாங்களாம். மியூசியத்துக்கு நான் போனப்ப 10 யூரோ டிக்கெட், ஓவல் வடிவ படிக்கிற ஹால் எல்லாருக்கும் ஃப்ரீ.

முதல்ல என்னைப் பிடிச்சு நிறுத்துனது யூக்ரடைடிஸ்னு ஒரு பாக்ட்ரியா (இன்னைக்கு ஆப்கானிஸ்தான் பக்கம்) ராஜா போட்ட பழைய தங்கக் காசு. 169 கிராமுங்க, நம்ம கணக்குல 21 பவுன், ஒரே காசுல! ராஜா தலையில இருக்கற ஹெல்மெட்ல எருதோட கொம்பும் காதும் அவ்வளவு துல்லியமா செதுக்கியிருக்கு, நான் கண்ணாடில மூக்கு படற அளவுக்குக் கிட்டப் போயி நின்னுட்டேன்.

அடுத்து கிராண்ட் கேமியோ. அடுக்கடுக்கா நிறம் மாறுற ஒரே கல்லுல ரோம் அரச குடும்பத்தையே செதுக்கியிருக்காங்க, நடுவுல உக்காந்திருக்கறது ரோம் பேரரசர் டைபீரியஸ்னு சொல்றாங்க. எங்க ஊரு கரூருங்க, டைபீரியஸ் காசு எங்க கொங்குப் பக்கம் மண்ணுல இருந்து எத்தனையோ கிடைச்சிருக்கு, சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்த பேரு அது. அங்க போயி அந்த மனுஷனையே பாத்தப்ப கண்ணு கலங்கிடுச்சு.

போறதுக்கு முன்னாடி, இங்க இருக்கற சேகரிப்புக்குக் காசு தேடி அலைஞ்ச வையான்ங்கற பிரெஞ்சுக்காரரோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. தொழில் வைத்தியம், ஒரு விவசாயிக்கு நிலத்துல கிடைச்ச பழைய காசைப் பாத்ததுல இருந்து இந்தப் பைத்தியம் பிடிச்சிருச்சு. பதினாலாம் லூயி ராஜாவோட மந்திரி கோல்பேர், ராஜாவோட சேகரிப்புக்குக் காசு தேடிட்டு வரச் சொல்லி இவரை இத்தாலி, கிரீஸ்னு அனுப்புனாரு. 1674ல ரோமுக்குக் கப்பல்ல போறப்ப அல்ஜியர்ஸ் கடற்கொள்ளைக்காரங்க பிடிச்சுட்டுப் போயி நாலு மாசத்துக்கு மேல அடைச்சு வச்சிருக்காங்க. விடுதலையாகி வர்ற வழியில இன்னொரு கொள்ளைக் கப்பல் துரத்துது, மனுஷன் கையில இருந்த தங்கக் காசு சுமார் இருபதையும் அப்படியே முழுங்கிட்டாரு! அதுக்கப்புறமும் அடங்காம எகிப்து, பாரசீகம்னு போயிருக்காரு. இன்னைக்கு நாம ஏசி ரூம்ல நின்னு பாக்கற சேகரிப்பு இப்படி உயிரைக் குடுத்து சேத்தது, இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாடியும் கால் தானா நின்னுடும்.

ஒரு லென்ஸ் கையில எடுத்துட்டுப் போங்க, காசு எல்லாம் பொடிசு. திங்கக்கிழமை லீவு. ரெண்டு மணி நேரம்னு நினைச்சுப் போனோம், மூடற நேரம் வரைக்கும் உள்ளயேதான் இருந்தோம், வரலன்னு அடம் பிடிச்ச பையன்தான் கடைசியா வெளிய வந்தான்.