பருத் தழும்புக்கு லேசரா, ஊசியா, ஆசிட்டா? எந்த கிளினிக்?

முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் பலருக்குக் கன்னத்துப் பள்ளங்கள் உறுத்த ஆரம்பிக்கும். போனில் தேடினால் ‘ஆறு சிட்டிங் பேக்கேஜ், வட்டியில்லா இஎம்ஐ’ என்று விளம்பரங்கள் வரிசை கட்டும். சித்தி பொண்ணுக்கு லேசரில் போச்சு என்பார் ஒருவர். லேசர் வேண்டாம், ரத்தம் எடுத்து ஊசி போடுவார்களே, அதுதான் பெஸ்ட் என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் முகத்தில் இருந்த பள்ளம் வேறு, அவ்வளவுதான்.

பள்ளத்தின் வடிவம் சிகிச்சையைத் தீர்மானிக்கும். அந்தச் சிகிச்சையைக் கைபடச் செய்யத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்பது கிளினிக்கைத் தீர்மானிக்கும். நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறோம். முதலில் கிளினிக், அங்கே எந்த மெஷின் இருக்கிறதோ அந்தச் சிகிச்சை, கடைசியில்தான் பள்ளம்.

ஆகவே முதலில் கண்ணாடி. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கன்னத்தின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரியும். நிழல் விழாமல் வெறும் கருப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது தழும்பே இல்லை, பரு விட்டுப்போன நிறம். நம் தோலில் அது பல மாதம் நிற்கும், ஆனால் சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதித் தரும் கிரீமும் போட்டால் மங்கும். வெறும் கருமைக்கு லேசர் பேக்கேஜ் எடுத்துக் காசைக் கரைப்பவர்கள் நிறையப் பேர்.

நிழல் விழுகிற பள்ளங்களைத் தோல் மருத்துவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். ஊசியால் குத்தியது மாதிரி 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாயும் ஆழமான அடியும் உள்ளது ஐஸ்பிக். அம்மைத் தழும்பு போல ஓரம் செங்குத்தாக, 1.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை அகலமாக இருப்பது பாக்ஸ்கார். ஓரமே தெரியாமல் அலை அலையாக அமுங்கியிருப்பது ரோலிங். அடித்தோலை நார்கள் கீழே பிடித்து இழுப்பதால் வருவது அது. ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்து இருப்பதுதான் சகஜம். விரலால் தோலை இழுத்தால் பள்ளம் மறைகிறதா என்றும் பாருங்கள். மறைந்தால் நல்ல பலனுக்கு வாய்ப்பு அதிகம். மறையாதது கடுமையான வகை.

இனி ஒப்பீடு. ஐஸ்பிக் பள்ளத்துக்கு லேசரையும் டிசிஏ கிராஸ் என்ற ஆசிட் முறையையும் பக்கத்தில் வைத்தால், என் ஓட்டு தயங்காமல் டிசிஏவுக்கு. 2002-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. செறிவான ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்டை, பெரும்பாலும் 65 முதல் 100 சதவீதம், கூராக்கிய மரக் குச்சியின் நுனியில் தொட்டுப் பள்ளத்துக்குள் மட்டும் அழுத்துவார்கள். சில விநாடியில் அந்த இடம் பனி படிந்தது போல வெள்ளையாகும். எரியும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு சின்னச் சின்னப் பொருக்காகி ஒரு வாரத்தில் உதிரும். நாலு முதல் ஆறு வாரம் இடைவெளியில் திரும்பச் செய்யும்போது பள்ளத்தின் அடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஆசிட்டும் குச்சியும் அப்படியொன்றும் விலையில்லை. செலவெல்லாம் டாக்டரின் கைக்கும் கண்ணுக்கும்தான். பெரிய மெஷின் போட்ட இடங்களில் இதன் பேச்சே எழாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். ஆபத்தும் கையில்தான் இருக்கிறது. ஆசிட் பள்ளத்தைத் தாண்டி வழிந்தால் பள்ளம் அகலமாகும், சுற்றிலும் கருப்போ வெள்ளையோ படியும். இதை ஆன்லைனில் வாங்கி வீட்டில் செய்து பார்ப்பது பெரிய விபரீதம்.

ரோலிங் வகைக்கு லேசரை எத்தனை சிட்டிங் வேண்டுமானாலும் அடிக்கலாம். உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் நார் அறுபடாதவரை தோல் எழும்பாது. அதற்குச் சப்சிஷன். மரத்துப்போக ஊசி போட்டு, முனையில் சிறு கத்தி உள்ள ஊசியையோ முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாயையோ தோலுக்கடியில் நுழைத்து அப்படியும் இப்படியும் அசைத்து நாரை அறுப்பார்கள். வலி அதிகமிருக்காது, ஆனால் நார் அறுபடும் ‘நறநற’ சத்தம் உங்களுக்கே கேட்கும். அதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்களிடம் நோயாளிகள் பயந்துபோவதுண்டு. கன்னம் வீங்கும், ரத்தம் கட்டி ஊதா நிறமாகும். வடிய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அந்த நாட்களில் ஆபீஸ் போக முடியாதவர்கள் திட்டமிட்டுச் செய்துகொள்வது நல்லது.

லேசர் எதற்குத்தான் நல்லது? ஆழமில்லாத பாக்ஸ்காருக்கும், டிசிஏவும் சப்சிஷனும் முடிந்த பின் மேல்தோலைச் சமன்படுத்தவும். ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் நுண்ணிய துளைகள் போட்டு, நடுநடுவே நல்ல தோலை விட்டுவைக்கும். அந்த நல்ல தோல் காயத்தை ஆற்றும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகும். பலன் முழுதாகத் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். வெள்ளைத் தோலில் இதன் பலன் பளிச்சென்று தெரியும், விளம்பரப் படங்களில் பாதி அப்படிப்பட்ட முகங்கள்தான். நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் சூடு பட்டால் கருப்பு படியும் சுபாவம் உண்டு. பள்ளம் கொஞ்சம் ஏறி, கருமை நாலு மாதம் தங்கினால் யாருக்குத்தான் சந்தோஷம்? அதனால் லேசர் எடுப்பதென்றால், துளைகளின் அடர்த்தியைக் குறைத்து அடிப்பீர்களா, காதுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் அடிக்கடி வருபவர் அதையும் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள்.

மைக்ரோநீட்லிங் இதற்கு நேர்ப் போட்டி. சூடு கிடையாது, ஊசிக் குத்து மட்டும். அதனால் கருமை படியும் வாய்ப்பு குறைவு. இரண்டு மூன்று நாள் சிவப்போடு போய்விடும். பலனும் மெதுவாகத்தான் வரும், சிட்டிங் அதிகம் வேண்டும். வெயிலில் டூவீலரில் சுற்றும் வேலையில் இருப்பவருக்கு லேசரைவிட இதையே சொல்வேன். ஆன்லைனில் விற்கும் அரை மில்லிமீட்டர் ரோலர் தழும்புக்கு எட்டாது, கிளினிக்கில் 1.5 மில்லிமீட்டர், அதற்கும் மேல் போவார்கள்.

அதே ஊசி நுனியில் ரேடியோ அலைச் சூடு சேர்த்தால் எம்என்ஆர்எஃப். மேல்தோலைச் சுடாமல் உள்ளே மட்டும் சூடேற்றுவதால் நம் தோலுக்கு ஏற்றது என்று பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். அதை முழுக்கப் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். தீக்காயம், கொழுப்புக் கரைதல், நரம்புப் பாதிப்பு வந்ததாகப் புகார்கள் வந்து 2025 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. மெஷினைப் பிடிப்பவர் யார் என்பது இங்கே உயிர்நாடி.

உங்கள் ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து பிரித்த பிளாஸ்மாவைத் தோலில் செலுத்துவது பிஆர்பி. அதைத் தனியாகத் தழும்புக்கு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்தால் ஓரளவு கூடுதல் பலன் கிடைக்கலாம். அப்படி எடுத்தால் ஊசியும் ட்யூபும் உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் இந்த ‘ரத்த ஃபேஷியல்’ செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை 2024-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிக்கையாகவே வெளியிட்டது.

தாடை, தோள், மார்பு, காது மடலில் தடித்துப் புடைக்கும் கீலாய்டு தனிக் கதை. அதற்கு ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, கூடவே சிலிகோன் ஷீட். வெட்டி மட்டும் எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரக்கூடும். வீட்டில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் மேலே சொன்ன எந்தச் சிகிச்சைக்கும் முன் அதைச் சொல்லுங்கள்.

கிளினிக் விஷயத்துக்கு வருவோம். மால்களிலும் மெயின் ரோட்டிலும் இருக்கும் செயின் கிளினிக்குகளில் ஏசி, காபி, எல்லா மெஷினும் இருக்கும். உள்ளே போனதும் முதலில் உங்களைப் பார்ப்பவர் பல இடங்களில் டாக்டர் இல்லை, கவுன்சிலர். முகத்தைத் தொடாமலே பேக்கேஜ் சொல்லிவிடுவார். ‘இன்னைக்கே புக் பண்ணா தள்ளுபடி மேடம்’ என்பது அந்தப் பேச்சின் கடைசி வரி. அங்கேயும் நல்ல டாக்டர்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அடுத்த சிட்டிங்குக்குப் போகும்போது அதே டாக்டர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. தனியாக கிளினிக் வைத்திருக்கும் தோல் டாக்டரிடம் அந்தத் தொடர்ச்சி கிடைக்கும். குறை என்னவென்றால், கடன் வாங்கி ஒரே ஒரு மெஷின் வாங்கியிருந்தால் எல்லாப் பள்ளமும் அந்த மெஷினுக்கு ஏற்றதாகவே அவருக்குத் தெரியலாம்.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி மாதிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவு. கூட்டம் இருக்கும், அரை நாள் போகும், எல்லா இடத்திலும் எல்லா மெஷினும் இருக்காது. ஆனால் உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. சிகிச்சையை வேறு எங்கே எடுத்தாலும் சரி, ‘எனக்கு என்ன வகைத் தழும்பு’ என்ற கேள்வியை மட்டுமாவது அங்கே கேட்டுவிட்டு வரலாம். தீக்காயத் தழும்பு சுருங்கிக் கழுத்தையோ விரலையோ இழுத்துப் பிடித்திருந்தால் தோல் பிரிவையும் தாண்டி பிளாஸ்டிக் சர்ஜரிக்கே போக வேண்டும். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் தீக்காயப் பிரிவு அதற்குப் பேர் பெற்றது. பியூட்டி பார்லரில் லேசர், ஊசி, ஆசிட் மூன்றுமே கூடாது. இதில் அலச ஒன்றுமில்லை.

எங்கே போனாலும் பலகையில் எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா பாருங்கள். ‘காஸ்மெட்டாலஜி ஃபெல்லோஷிப்’ மட்டும் அதற்கு ஈடாகாது. பதிவெண்ணை வைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அப்புறம் அந்த ‘முன், பின்’ படங்கள். முன்படத்தில் பக்கவாட்டு வெளிச்சம், பின்படத்தில் நேர் ஃப்ளாஷ் என்றால் நீங்கள் வீட்டில் டார்ச் வைத்துச் செய்ததையே திருப்பிச் செய்திருக்கிறார்கள். உங்கள் படத்தை ஒரே வெளிச்சம், ஒரே கோணத்தில் எடுத்து வைப்பார்களா என்று கேளுங்கள். ‘நூறு சதவீதம் போய்விடும்’ என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். பள்ளம் குறையும், நிழல் குறையும். பழைய தோல் அப்படியே திரும்பாது.

புதுப் பரு வந்துகொண்டே இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். அதற்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களை, அதை நிறுத்திய பிறகும் ஆறு மாதம் எதுவும் செய்யாமல் காத்திருக்கச் சொல்வது பழைய வழக்கம். 2017-இல் அமெரிக்கத் தோல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சங்கம் பல சிகிச்சைகளுக்கு அதைத் தளர்த்திவிட்டது. உங்கள் டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் லேசரும் சப்சிஷனும் இப்போது வேண்டாம். கருமை மங்க கிரீம், சன்ஸ்கிரீன், அன்றைக்கு நல்ல மேக்கப்; மற்றதெல்லாம் கல்யாணம் முடிந்து. ஆரம்பிக்கும்போது கத்திரி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். பொருக்கு உதிரும்வரை மஞ்சளும் எலுமிச்சையும் முகத்தில் படக் கூடாது, அம்மா என்ன சொன்னாலும். பணத்தை சிட்டிங்குக்குச் சிட்டிங் கட்டுங்கள், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு சிட்டிங் முடிந்து மூன்று மாதம் கழித்து பழைய படத்தோடு வைத்துப் பார்த்து ஒன்றும் மாறவில்லையென்றால், மூன்றாவதுக்குப் பணம் கட்டுமுன் வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள்.