லோகானிம்: ஊர்ப் பெயரைத் தட்டினால் பேசுகிறது

போன ஈஸ்டர் விடுமுறையில் மெல்பர்னிலிருந்து போர்ட் ஃபேரிக்குக் காரில் போனோம். வார்னம்பூலைத் தாண்டியதும் சாலையோரத்தில் ‘கில்லார்னி’ என்று ஒரு பலகை. “கில்லுன்னா கொல்றதாப்பா?” என்று கேட்டாள் மகள்.

அயர்லாந்திலிருந்து வந்த பெயர் அது என்பதால், அன்றிரவே லோகானிம் தளத்தைத் திறந்தேன். அயர்லாந்து அரசின் ஊர்ப்பெயர்ப் பிரிவும் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஊர்ப்பெயர்த் தரவுத்தளம் இது, 2008இல் வந்தது. காசு கிடையாது.

கில்லார்னி என்று ஆங்கிலத்தில் அடித்ததும் மூல ஐரிஷ் வடிவம் வந்தது: ‘கில் ஆர்னெ’. கில் என்றால் தேவாலயம். ஆர்னெ, முள்புதரில் காய்க்கும் ஒரு கருநீலப் புளிப்புப் பழம். பக்கத்தில் இருக்கும் ஒலிக்குறியைத் தொட்டால் ஐரிஷ் பேசுபவரின் குரலில் பெயரையே கேட்கலாம். மகள் நாலு தடவை கேட்டுவிட்டு, “அப்போ கோயில்தான்” என்று நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாங்கள் தங்கியிருந்த போர்ட் ஃபேரிக்கே 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றுதான் பெயர். அதையும் தேடினேன்: மணல் திட்டின் முகத்துவாரம்.

அப்புறம் கில்மோர். மெல்பர்னுக்கு வடக்கே நாங்கள் அடிக்கடி டீ குடிக்க நிறுத்துகிற ஊர். இங்கேதான் லோகானிமின் அருமை புரிந்தது. அயர்லாந்தில் கில்மோர்கள் ஏராளம். மோர் என்றால் பெரிய. முன்பாதி சிலவற்றில் ‘கில்’, அதாவது பெரிய தேவாலயம். சிலவற்றில் ‘கொயில்’, அதாவது பெரிய காடு. ஆங்கில எழுத்தில் எழுதினால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடுமே, அதேபோல இரண்டும் ஒரே கில்மோர் ஆகிவிட்டன. ஐரிஷ் எழுத்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. கேட்டுப் பாருங்கள், ‘மோர்’ என்று நாம் படிப்பது அங்கே ‘வோர்’ என்று ஒலிக்கிறது!

நம் கில்மோர் எது? 1841இல் அங்கே நிலம் வாங்கிய வில்லியம் ரட்லெட்ஜ் கேவன் மாவட்டத்துக்காரர். கேவனில் இருப்பது தேவாலயக் கில்மோர்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். தளம் அயர்லாந்து ஊர்களுக்கானது. பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர் யார் என்பதை உள்ளூர் வரலாற்றில்தான் தேட வேண்டும். அவர் எந்த மாவட்டம் என்று முதலில் குறித்துக்கொண்டு தேடுங்கள். இல்லாவிட்டால் கில்மோர்களுக்கு நடுவே ராத்திரி முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.