அப்பாவின் டாடா 207 பிக்கப்பை ஏற்றி அனுப்பியதில் நடந்த ஏமாற்று: பழைய வண்டியை வெளியூரிலிருந்து கொண்டுவருபவர்கள் படிக்கவும்

ஊரில் நிற்கும் பழைய வண்டியைக் கொண்டுவர, ஆன்லைனில் தேடி முதலில் கண்ணில் படும் வாகன டிரான்ஸ்போர்ட் எண்ணுக்குப் போன் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபிளாட்பெட்டில், அதாவது நாலு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான லாரியில், ஏற்றிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், எங்கள் வண்டியைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, பின் சக்கரங்கள் ரோட்டில் உருள உருள, எங்கள் வீடு இருக்கும் செங்கல்பட்டு வரை இழுத்து வந்தார்கள். கியர் பாக்ஸ் போய்விட்டது. ஸ்டெப்னியும் பேட்டரியும் காணாமல் போயின. அதற்கு மேலும் பணம் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்று நடு இரவில் தெருவில் நின்றார்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே வேலையைச் செய்பவர்கள் ஆளுக்கு நாலு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி டாடா 207 பிக்கப், 2003 மாடல். தேனி மாவட்டம் கம்பத்தில் அப்பா திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அவர் இறந்த பிறகு அம்மாவும் அக்காவும் அதை நான் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்திருந்தது, டயர்கள் நின்றே வெடிப்பு விட்டிருந்தன, பிரேக்கும் நம்பும்படி இல்லை. ஓட்டி வருகிற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் வண்டியை இருபது வருடமாகப் பார்த்த உள்ளூர் மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, எதுல வேணா கொண்டு போ. ஆனா பின் வீல் தரையில உருளக் கூடாது. உருளத்தான் செய்யும்னா என்னைக் கூப்பிடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்ட கழட்டிவிடுறேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இதில் முக்கியம். 207 மாதிரி வண்டிகளில் இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். பின் சக்கரம் உருண்டால் பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் சுற்றும், அதையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் மெயின் ஷாஃப்டும் சுற்றும். கிரவுனுக்குப் பயமில்லை, அதன் பல்சக்கரமே எண்ணெயில் முங்கி எழுந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கியர் பாக்ஸ் அப்படி இல்லை. அதில் எண்ணெயை அள்ளி மேலே வீசுவது கீழே இருக்கும் லே ஷாஃப்ட். நியூட்ரலில், இன்ஜின் ஓடாதபோது, லே ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும். மேலே மெயின் ஷாஃப்ட் மட்டும் சொட்டு எண்ணெய் இல்லாமல் மணிக்கணக்கில் சுற்றும். புஷ், பேரிங் எல்லாம் சூடேறித் தேயும். பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாக இழுத்துப் போனால் ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் தாங்காது.

இதையெல்லாம் புக்கிங் செய்யும்போதே போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "நாலு சக்கரமும் மேலே இருக்க வேண்டும், ஃபிளாட்பெட் மட்டும்தான்" என்றதற்கு "ஓகே சார், ஃபிளாட்பெட் கன்ஃபர்ம்" என்று பதில் வந்தது. வாடகை 22,000 ரூபாய் என்று பேசி, 10,000 முன்பணம் வாங்கினார்கள். டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று தனியாக 1,500.

கம்பத்தில் வந்தது உண்மையிலேயே ஃபிளாட்பெட்தான். மெக்கானிக் அண்ணன் கூடவே நின்று ஏற்றினார். பிரேக்கை நம்பாமல் வின்ச் போட்டு மெதுவாக இழுத்து மேலே ஏற்றி, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் ராட்செட் பெல்ட் கட்டினார்கள். பெல்ட்டை பம்பரிலோ பாடியிலோ மாட்ட விடவில்லை, அச்சில் மாட்ட வைத்தார். பழைய வண்டியின் பம்பர் துருப்பிடித்திருக்கும், ஒரு குலுக்கலில் கையோடு வந்துவிடும். பாடியில் கட்டினால் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆட ஆட பெல்ட் தளரும். பின் அச்சில் மாட்டும்போது பிரேக் பைப் நசுங்காமல் பார்த்துக்கொண்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார், பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். ஏற்றிய டிரைவரிடம், "தேனி தாண்டுறதுக்குள்ள ஒருக்கா நிறுத்தி பெல்ட்ட இறுக்குங்க, வண்டி உக்காந்து லூஸ் ஆகும்" என்று சொல்லி அனுப்பினார். நான் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். பேட்டரியின் எண், ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி, கடைசியாக மீட்டர். அந்த மீட்டர் போட்டோதான் இன்று எங்களிடம் இருக்கும் பெரிய ஆதாரம்.

தேனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது, திண்டுக்கல்லில் நிற்பதாக ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு அந்த டிரைவரின் போன் அணைந்துவிட்டது. ஆபீஸ் எண்ணில் எடுத்தவர் "வந்துட்டு இருக்கு சார்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

நள்ளிரவுக்கு மேல் எங்கள் தெருவுக்கு வந்தது ஃபிளாட்பெட் இல்லை. பின்னால் கொக்கி வைத்த ரெக்கவரி வண்டி. அப்பாவின் 207 முன்பக்கம் தூக்கிய நிலையில் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பின் விளக்கு எரியவில்லை, பேட்டரியே இல்லாதபோது எப்படி எரியும்? சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை. திருச்சி நெடுஞ்சாலையில், ஆம்னி பஸ்கள் பறக்கும் இரவு நேரத்தில், ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியை வெளிச்சமே இல்லாமல், வெடிப்பு விட்ட டயரில் இழுத்து வந்திருக்கிறார்கள். பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வந்து மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. கியர் பாக்ஸ் போனதைவிட எனக்குக் கோபம் இதில்தான். ஓடாமல் நின்ற வண்டியை இன்னொரு வண்டி இழுத்துப்போகச் சட்டம் அனுமதிப்பது பக்கத்தில் உள்ள ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான். இரண்டுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இழுத்துப் போகிறோம் என்று பின்னால் பலகை மாட்ட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. மாவட்டம் விட்டு மாவட்டம் இழுத்து வருவதற்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை.

வந்த டிரைவர் சின்னப் பையன். "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. திண்டுக்கல்ல ஒரு யார்டுல மாட்டிவிட்டாங்க, கொண்டுபோய் விடச் சொன்னாங்க" என்றான். ஃபிளாட்பெட்டுக்கு வேறு பெரிய வாடகை கிடைத்திருக்கிறது. எங்கள் வண்டியைக் குறைந்த காசுக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிறகு பேசிப் பார்த்ததில் இந்தத் தொழிலில் இது சாதாரணமாக நடப்பதுதான் என்று தெரிந்தது. போனில் பேசியவர்களுக்குச் சொந்தமாக ஒரு லாரிகூட இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது பேரம். பாக்கி 12,000 போக, டோல், ஹால்டிங், லோடிங் என்று 9,500 அதிகம் வேண்டுமாம். "வண்டி உங்க பேர்லயே இல்லையே சார். இறந்தவர் பேர்ல இருக்கிற வண்டி. வழியில ஆர்டிஓ பிடிச்சதுக்கு நாங்க செலவு பண்ணியிருக்கோம்" என்று போனில் மிரட்டல். அப்பா, தாத்தாவின் வண்டியைக் கொண்டுவருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால், இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் வரை வண்டியைத் தன் பெயருக்கு மாறியது போலவே வைத்திருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56ஆவது விதி இது. நாங்கள் கொடுத்த கடிதத்தில் அலுவலக முத்திரை இருந்தது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்த ஆர்டிஓ, எந்த ஊர், ரசீது எங்கே என்று கேட்டேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் பணம் தராமல் இறக்க மாட்டோம் என்பது நிற்கவில்லை. 100க்கு அழைத்த பிறகுதான் பேசிய பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு இறக்கினார்கள். அதையும் ஜிபேயில், "சேதத்துக்கு ஆட்சேபணையுடன்" என்று குறிப்பு எழுதித்தான் அனுப்பினேன். வண்டியைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் நீட்டிய தாளிலும் என்னென்ன காணவில்லை, எப்படி வந்தது என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டேன். இதை மட்டும் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது மீட்டர் விஷயம். பழைய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டருக்கு கேபிள் போவது கியர் பாக்ஸின் பின்பகுதியிலிருந்து. பின் சக்கரம் உருண்டு ஷாஃப்ட் சுற்றினால், இன்ஜின் ஓடாவிட்டாலும் மீட்டர் ஏறும். மீட்டர் கேபிள் அறுந்தால் அடுத்த நாளே மாற்றிவிடுவது அப்பாவின் பழக்கம், அதனால் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் எடுத்த போட்டோவையும் செங்கல்பட்டில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 370 கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து எங்கள் வீடு வரைக்குமான தூரம் அது. வண்டியை உருட்டினார்கள் என்பதற்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றவில்லை என்பதற்கும் சேர்த்து ஒரே சாட்சி. "கடைசி அஞ்சு கிலோமீட்டர்தான் சார் டோ பண்ணோம்" என்று அவர்கள் சொன்ன பொய் இதில்தான் உடைந்தது.

கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்ததில் மெயின் ஷாஃப்ட் பேரிங்கும் புஷ்ஷும் நீலம் பாரித்திருந்தன. செலவு 34,000. பழைய 207க்கு உதிரி பாகம் தேடி அலைந்தது தனிக் கதை.

இன்சூரன்ஸ் என்று வாங்கிய 1,500க்கு பாலிசி கேட்டால், "அது எங்க சொந்த கவரேஜ் சார்" என்றார்கள். அப்படி ஒன்று கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள தாள் வண்டி ஏறுவதற்கு முன் கையில் வரவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால், சாலையிலோ ரயிலிலோ ஏற்றிப் போகும்போது ஏற்படும் சேதமும் அதில் சேரும். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கும், அதில் இது வராது. எங்களுடையதும் அப்படித்தான்.

"நாங்க வெறும் புரோக்கர், லாரிக்காரன்கிட்ட கேளுங்க" என்று கைகழுவப் பார்த்தார்கள். 2007ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில், சரக்கு புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோருமே பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது, சரக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். அதனால் புக்கிங் போதே பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்த ரசீதில் அந்த இடம் காலியாக இருந்தது. வண்டியின் மதிப்பையும் ரசீதில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் சேதத்துக்கு வாடகையைப்போல் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு. எங்களுக்கு அந்த வரம்புக்குள்ளேயே நஷ்டம் அடங்கிவிட்டது. நன்றாகப் புதுப்பித்த பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ அனுப்புகிறவர்களுக்கு அடங்காது. இன்னொன்று, புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவித்து நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். "பார்த்துக்கலாம் சார், மேனேஜர் லீவு" என்று இழுத்தடிப்பது இந்த நாட்கள் ஓடிவிடட்டும் என்றுதான்.

ஃபிளாட்பெட் கிடைக்கவே இல்லை, இழுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மெக்கானிக் அண்ணன் சொன்னபடி புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் இரண்டிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும், திரும்ப அதே இடத்தில் மாட்டாவிட்டால் ஓடும்போது அதிரும். சில வண்டிகளில் ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள்ளிருந்து உருவி வரும் மாதிரி இருக்கும். அதில் வாயை அடைக்காவிட்டால் எண்ணெய் முழுக்க ஒழுகிவிடும். பின் சக்கர பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நெடுஞ்சாலையில் உருட்டாதீர்கள்.

எங்கள் நோட்டீஸுக்கு 5,000 ரூபாய் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பிறகு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அவர்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. முன்பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, ஆட்சேபணை எழுதிய தாள், மெக்கானிக்கின் பில், இரண்டு மீட்டர் போட்டோக்கள், இவ்வளவுதான் நாங்கள் வைத்தது. திண்டுக்கல் யார்டில் இதே போல் வண்டியை மாற்றி விட்டவர்களிடம் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ரசீதில் பதிவு எண் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 180 நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.