டஸ்டருக்கு ஒரு படி பெரிய டயர்: காட்பாடி–ராணிப்பேட்டை சாலையில் எட்டு மாதங்கள்

காட்பாடியில் இருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு நாள்தோறும் போய்வரும் என்னுடைய ரெனோ டஸ்டர், 110 குதிரைத்திறன் டீசல் எஞ்சினும் முன்சக்கர இழுவையும் கொண்டது. சஸ்பென்ஷன், ரிம், எஞ்சின் என எதிலும் கை வைக்காத வண்டி. தொழிற்சாலையில் இருந்து வந்த 215/65 ஆர் 16 டயர்கள் 46,000 கி.மீ. ஓடி, டயரின் பட்டன்களுக்கு (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே உள்ள 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொடும் நிலைக்கு வந்தபோது, அதே அளவை மீண்டும் வாங்குவதா, சற்றுப் பெரியதாகப் போடுவதா என்ற கேள்வி எழுந்தது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய வேலூர்த் தெருக்களில் இரண்டு முறை டயரின் பக்கச்சுவர் கிழிந்து, ஒருமுறை ரிம்மின் விளிம்பும் நெளிந்துவிட்டதால், பெரிய டயர் மீது எனக்கு இருந்த ஆசை வெறும் அழகுக்கானது அன்று. ஆனாலும் அழகும் அதில் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்குப் போகும் முன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் 406.4 மி.மீ.யுடன் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் பழைய டயரின் மொத்த விட்டம் 685.9 மி.மீ. வருகிறது. 215/70 என்றால் 707.4, 225/70 என்றால் 721.4, 235/70 என்றால் 735.4. சதவீதத்தில் சொன்னால் முறையே 3.1, 5.2, 7.2 கூடுகிறது. இவற்றில் எது வண்டிக்குப் பொருந்தும் என்பதைவிட, எந்த அளவுக்கு எஞ்சினும் பிரேக்கும் முகம் சுளிக்காமல் இருக்கும் என்பதுதான் தினமும் ஓட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் போன கடையில் இந்தக் கணக்குக்கு மரியாதை இல்லை. “சார், 235 போடுங்க, வண்டிக்கே ஒரு கெத்து வந்துடும், உரசுனா உள்ள இருக்குற பிளாஸ்டிக்க லேசா வெட்டிக்கலாம்” என்றார் அங்கிருந்தவர். எடை தாங்கும் குறியீட்டைக் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கும் என்று பதில் வந்தது. டயர் தயாரான வாரத்தைப் பார்க்கக் குனிந்தபோது அது ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய சரக்கு என்று தெரிந்தது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், பேரம் வேறு மாதிரி நடக்கும். நான் பேரம் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

சத்துவாச்சாரிப் பக்கம் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் இரண்டாவது கடையில்தான் டயர் வாங்கினேன். பணத்தைப் பற்றிப் பேசும் முன் கடைக்காரர் வண்டியின் ரிம்மின் உட்புறத்தைப் பார்த்து 6.5 அங்குல அகலம் என்பதை உறுதி செய்தார். பிறகு 225/70 அளவில் ஒரே ஒரு டயரை முன்பக்கத்தில் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஃபுல் லாக் வரை திருப்பச் சொன்னார். சமதரையில் உரசவில்லை. ஆனால் இரண்டு பேரை முன் இருக்கையில் ஏற்றி, கடைவாசல் சரிவில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றித் திருப்பியபோது உள்ளே இருந்து ‘சர்’ரென்று ஒலி வந்தது. விளக்கடித்துப் பார்த்தால் பம்பர் ஓரத்து பிளாஸ்டிக் தடுப்பில் விரல் அகலத்துக்குப் புதிய கீறல். “தினம் ஓடுற வண்டிக்கு இது வேணாம் சார், மழையில சேறு அப்பினா இன்னும் உரசும்” என்று அவரே அதைக் கழற்றி வைத்துவிட்டு 215/70ஐ மாட்டினார். அது எந்த நிலையிலும் உரசவில்லை.

சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்படுத்தும் பேலன்சிங்கிலும் அவருடைய கை தெரிந்தது. ஒரு சக்கரத்துக்கு 65 கிராம் ஈயம் கேட்டது இயந்திரம். வேறு யாராக இருந்தாலும் ஒட்டி அனுப்பியிருப்பார்கள். இவர் காற்றை இறக்கி, ரிம்மில் டயரைப் பாதிச் சுற்று திருப்பி, மீண்டும் காற்றடித்து ஏற்றினார். 25 கிராமில் முடிந்தது. உதவிக்கு நின்ற பையனிடம் “அவசரப்படாதடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் எடுத்தது சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஏ.டி. வகை. பேச்சு டயரின் அளவைப் பற்றியது என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எடை தாங்கும் குறியீடு 100, அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. பழையதில் 98, அதாவது 750 கிலோ. இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. பக்கத்து இரும்புக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம்: தேய்ந்த பழையது 9.8 கிலோ, புதியது 12.2 கிலோ. சக்கரத்தின் வெளி விளிம்பில் கூடும் இந்த 2.4 கிலோவை எஞ்சின் ஒவ்வொரு முறையும் சுழற்றியாக வேண்டும், பிரேக் ஒவ்வொரு முறையும் நிறுத்தியாக வேண்டும்.

எட்டு மாத ஓட்டத்தில் நான் அதிகம் உணர்ந்ததும் இதைத்தான். 110 குதிரைத்திறன் டஸ்டரின் குணம் அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: டர்போ விழித்துக்கொள்ளும் வரை வண்டி சோம்பலாக இருக்கும், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுழற்சியைத் தாண்டினால் சீறும். டயரின் விட்டம் கூடினால் எல்லா கியரும் 3 சதவீதம் நீண்டுவிட்டதற்குச் சமம். சமவெளியில் இது குறையாகவே தெரியவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் எஞ்சின் இன்னும் அமைதியாக ஓடுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான் உண்மை தெரிந்தது. முன்பு இரண்டாவது கியரிலேயே தட்டுத்தடுமாறி எடுத்துவிடும் வளைவுகளில் மூன்றில் இப்போது முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. 3 சதவீதத்துக்கே இப்படி என்றால், 7 சதவீதம் கூட்டி, அதற்கு மேல் எடையும் கூட்டி, குடும்பத்தோடு மலை ஏறுபவர் கிளட்சை என்ன பாடு படுத்துவார் என்று நினைத்துப் பார்த்தேன்.

வேகமானி விஷயத்தில் லாபமே. முன்பு முள் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 95 காட்டும். இப்போது 98 காட்டுகிறது. உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும் நிலைக்கு முள் வரவில்லை என்பது முக்கியம். 235/70 போட்டிருந்தால் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். மைலேஜ் கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது. மீட்டரில் 1,000 கி.மீ. ஓடினால் உண்மையில் 1,031 ஓடியிருக்கும். டேங்க் நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 16.5 கி.மீ.ஆக இருந்தது 15.0க்கு இறங்கியதாக முதலில் பதறினேன். திருத்திப் பார்த்தால் 15.5. அந்த ஒரு கிலோமீட்டர் இழப்பு மெய்யானது.

தரைக்கும் வண்டிக்கும் இடையே கூடிய இடைவெளி 10.75 மி.மீ. மட்டுமே. விரல் அகலம்கூட இல்லை. ஆனால் பக்கச்சுவரும் அதே அளவு உயர்ந்திருப்பதால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கு அடி போகவில்லை. அமிர்தி பக்கத்து மலையடிவார மண் பாதையில் கூர்ங்கற்கள் மீது ஏறியும் இதுவரை ஒரு கிழிசல் இல்லை. நான் கேட்டது இதைத்தான், அது கிடைத்தது. ஒலி 80 கி.மீ. வேகத்துக்கு மேல் லேசான ரீங்காரமாகக் கேட்கிறது. பாட்டு போட்டால் மறைந்துவிடும். வேலூரின் கத்திரி வெயிலில் மதியம் காற்று பார்ப்பது வீண். காலையில் வண்டி ஓடும் முன், கதவோரத்தில் ஒட்டியுள்ள காற்றழுத்த அளவையே வைக்கிறேன்.

சட்டப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதால், மாட்டும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு அளவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை அச்சிட்டு ஆர்.சி.யுடன் வைத்திருக்கிறேன்.

ஒரு தவறு செய்தேன். செலவை மிச்சம் பிடிக்க நான்கு டயர்தான் வாங்கினேன். ஸ்டெப்னி பழைய அளவிலேயே வண்டிக்கு அடியில் தொங்குகிறது. வாலாஜாவுக்கு அருகே முன்சக்கரத்தில் ஆணி ஏறியபோது அதை முன்பக்கம் மாட்டினால் இரண்டு முன்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழன்று இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தேய்க்கும் என்பதால், பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் இரண்டு முறை ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது டயருக்கு அடுத்த வாரமே சத்துவாச்சாரிக் கடையில் சொல்லிவைத்துவிட்டேன்.