ஐந்து வருசமாகக் குடும்ப மரம் கட்டிய அனுபவம்: ஃபமிலிசேர்ச், கிராம்ப்ஸ், ஒரு றங்குப் பெட்டி

போன மாதம் டொரொண்டோவில் இருக்கும் அண்ணாவின் மகள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "மாமி, எங்கட பரம்பரையைப் பற்றி ஒன்லைன்ல தேடப் போறன், எந்த சைட்டுக்குக் காசு கட்டினா நல்லம்?" ஒன்றுக்கும் கட்டாதே பிள்ளை என்று ஒரு வரி போட்டுவிட்டுப் படுத்தேன். 2020 ஊரடங்கில் திருகோணமலை உவர்மலை வீட்டில் சும்மா இருந்த நேரம் நான் தொடங்கியபோது யாராவது எனக்கும் இதைச் சொல்லியிருந்தால் மகனின் கார்டில் ஒரு வருடச் சந்தா போயிருக்காது. (பெயர் வேண்டாம். 14 நாள் இலவசம் என்றிருந்தது, 15ஆம் நாளை நான் மறந்துவிட்டேன், கிடைத்ததெல்லாம் இங்கிலாந்துக் கப்பல் பயணிகளின் பட்டியல்.) சரி, அவளுக்கென்று எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது, மற்றவர்களுக்கும் உதவட்டும்.

விடாமல் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று ஃபமிலிசேர்ச் என்கிற இணையதளம், மற்றது கிராம்ப்ஸ் என்கிற இலவச மென்பொருள், பழைய மடிக்கணினியில் போட்டிருக்கிறேன். இடையில் மைஹெரிட்டேஜும் பார்த்தேன், பார்க்க நல்ல வடிவு, ஆனால் இலவசக் கணக்கில் 250 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. 250 பேர் என்றால் நம் கல்யாண வீட்டில் முதல் பந்திதான்.

ஃபமிலிசேர்ச்சில் காசே கேட்பதில்லை. நடத்துவது மோர்மன் சபை, 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் அவர்கள் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சி இது. இறந்துபோன முன்னோருக்காகச் சடங்கு செய்வது அவர்களுடைய நம்பிக்கை, ஊர் ஊராகப் பதிவேடுகளைத் தேடிப் படம் பிடித்ததும் அதற்காகத்தான். மதம் மாறு என்று எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வந்ததில்லை. ஆனாலும் மனதுக்கு உறுத்தினால் அந்தப் பக்கம் போகாமல் கிராம்ப்ஸோடு நின்றுகொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், அங்கே உனக்கென்று தனி மரம் கிடையாது, உலகத்துக்கே ஒரு மரம்தான், நீ சேர்த்த பாட்டனை வேறு ஒருவர் வந்து திருத்தலாம்.

முதல் நாள் அம்மப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடினேன். ஒன்றுமில்லை. ஏழெட்டு விதமாக எழுத்தை மாற்றியும் ஒன்றுமில்லை. இலங்கையில் டச்சுச் சபையின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களுக்கு அது புதையல். திருகோணமலைச் சைவக் குடும்பத்துக்கு அதில் என்ன இருக்கப் போகிறது? ஒரு மாதம் மினைக்கெட்ட பிறகுதான் விளங்கியது, நமக்கு அது தேடும் இடமே இல்லை, கண்டுபிடித்ததை வைக்கிற அலுமாரி. கண்டுபிடிக்கிற வேலை வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் அது அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் இருந்தது. பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்து ஆறுதலாக வாசித்துப் பாருங்கள், பாட்டன் இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பாட்டன் எங்கே பிறந்தார் என்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய கேள்வியாகிவிட்டது என்று நினைத்தால் அந்தக் கூட்டைப் பார்க்கக் கொஞ்சம் கசக்கும், ஆனால் ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது. சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையதளத்திலேயே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது லேசு. பிறகு காணி உறுதி. அம்மம்மாவின் சீதன உறுதியில் அவருடைய தாய் தகப்பன் பெயர் மட்டுமல்ல, நாலு எல்லையிலும் யார் யார் காணி என்றும் எழுதியிருந்தது. வடக்கு எல்லைக்காரர் அம்மம்மாவின் சொந்தத் தமையன் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இணையத்தில் உண்மையாகப் பலன் தந்தது மரண அறிவித்தல்கள்தான். சிரிக்காதீர்கள். "தம்பலகாமத்தைப் பிறப்பிடமாகவும் உப்புவெளியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மைத்துனியும், சம்பந்தியும் என்று போகிற அந்த நீண்ட வசனத்தை ஒரு பேனையோடு இருந்து பிரித்தால் இருபது பேர் வருவார்கள். "காலஞ்சென்ற" யாருக்கு முன்னால் இருக்கிறது, யாருக்கு முன்னால் இல்லை என்று கவனியுங்கள், அன்றைக்கு யார் உயிரோடு இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். அதற்கு அடுத்தது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், சில இடங்களில் நினைவு மலர் என்பார்கள். சிவபுராணத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் பல புத்தகங்களில் வம்சாவளியே கீறியிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையதளத்தில் இப்படியான மலர்கள் நிறைய ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன, இலவசமாகத் தரவிறக்கலாம்.

திகதிகள்தான் பெரிய தலையிடி. அம்மாவின் தமக்கை, தம்பலகாமத்துப் பெரியம்மா, அடையாள அட்டைப்படி 1944இல் பிறந்தவர். (பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். கணக்குப் பார்க்க மட்டும் பாவியுங்கள், அட்டையைப் படமெடுத்து எங்கேயும் ஏற்ற வேண்டாம்.) ஆனால் அவர் தாய் சொன்ன கதை வேறு. ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று நேவி யார்ட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து துடக்குக்கூடக் கழியாத பிள்ளையோடு மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடினார்களாம். திருகோணமலையில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. எது சரி என்று இரண்டு வருடம் தெரியாமல் இருந்தேன். கடைசியில் பெரியம்மாவின் சாதகக் குறிப்பு ஒரு பழைய திருவாசகத்துக்குள் கிடைத்தது, விசு வருடம் பங்குனி 15. விசு வருடம் 1941 சித்திரையில் தொடங்கி 1942 பங்குனியோடு முடிந்தது, ஆகவே மார்ச் கடைசி, குண்டு விழும்போது பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் வரும். தாய் சொன்னதுதான் சரி, அட்டைதான் பிழை. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் விசு என்றால் 1881 ஆகவும் இருக்கலாம், 2001 ஆகவும் இருக்கலாம், கூடவே ஒரு கதை வேண்டும். வயதானவர்களிடம் எந்த வருடம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். 64 புயலுக்கு முன்னமோ பின்னமோ, 83 கலவரத்துக்கு முன்னமோ, சுனாமிக்கு முன்னமோ என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

பெயர் விசயத்தில் இந்த மென்பொருட்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத் தைத்த சட்டை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும், நமக்கு எங்கே இருக்கிறது? தகப்பன் பெயரை அந்தக் கூட்டில் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், விட்டுவிட்டால் தேடலில் வராது. நான் தகப்பன் பெயரைப் போட்டுவிட்டு, மாற்றுப் பெயர் பகுதியில் தமிழிலும், வேறு விதமான ஆங்கில எழுத்துக்களிலும் எழுதி வைக்கிறேன். தேடும்போது சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அங்கே எத்தனை எழுத்து இருந்தாலும் பிடித்துக்கொடுக்கும். மச்சானும் மச்சாளும் கட்டிய குடும்பத்தில் ஒரே பாட்டன் பாட்டி படத்தில் இரண்டு முறை நிற்பார்கள், பயப்பட வேண்டாம், பிழையில்லை.

பெரிய பிழை நான் விட்டது இரண்டாம் வருடம். ஒரே ஊர், ஒரே தகப்பன் பெயர், இரண்டு கணபதிப்பிள்ளை. ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிட்டேன் என்று நினைத்து ஃபமிலிசேர்ச்சில் ஒன்றாக்கிவிட்டேன், அதற்கு மேலே பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டேன். ஒருவர் பெரியப்பாவின் பிள்ளை, மற்றவர் சித்தப்பாவின் பிள்ளை என்று மூதூர் மாமா சொல்லும்போது நாலு மாதம் போயிருந்தது. மாற்றங்களின் பட்டியல் இருப்பதால் பிரித்தெடுக்க முடிந்தது, ஒரு முழுக் கிழமை போனது. சந்தேகமாக இருந்தால் இரண்டாகவே விடுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் முதலில் கிராம்ப்ஸில் எழுதி, மற்றக் குடும்ப மர மென்பொருட்களும் வாசிக்கக்கூடிய ஜெட்கொம் கோப்பாக ஒரு பிரதி பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஃபமிலிசேர்ச்சிலிருந்து நேரடியாக அப்படி ஒரு கோப்பை இறக்க வழியில்லை.

உயிரோடு இருப்பவர்களை ஃபமிலிசேர்ச் மற்றவர்களுக்குக் காட்டாது, சேர்த்தவர் மட்டும் பார்க்கலாம். அதனால் ஒவ்வொருவரையும் பதியும்போது உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று கேட்கும். இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும். பெரியம்மாவின் மூத்த மகன் 1990இல் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. அவருடைய பெயரை எழுதிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பெரியம்மாவிடம் கேட்கவில்லை, பதில் தெரியும். அவர் இன்னும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆதிகோணநாயகர் கோவிலில் அருச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கொடுக்கிறவர். உயிரோடு இருக்கிறார் என்றே தொட்டேன். ஆகவே அவர் என் கணக்கில் மட்டும் தெரிவார். திருகோணமலைக் குடும்பத்தை எழுதப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வரும், முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

ஃபமிலிசேர்ச்சுக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை குறைந்தது அந்தக் கேள்விக்கு.

இனி பிள்ளைக்கு. நீ முதலில் காசு கட்ட வேண்டாம், கணக்கும் திறக்க வேண்டாம், பெரியம்மாவுக்குப் போன் எடு. கைப்பேசியில் பதிவுசெய்யலாமோ என்று கேட்டுவிட்டுப் பதிவுசெய். மாட்டு வண்டிக் கதையில் தொடங்கு, மூத்த மகனைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவரே சொன்னால் குறுக்கே பேசாமல் கேள். காது மெசினைக் கோவிலால் வந்த பிறகுதான் போடுவார், இங்கே காலை பத்து மணி ஆகும், உனக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை, முழித்திரு.