18,500 ரூபாய்க்கு என் பழைய ஸ்பிரிங்குக்கே சிவப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள் - பைக் சஸ்பென்ஷன் வேலைக்குக் கொடுப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் வண்டியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. 18,500 ரூபாய். ஆளை ஏமாற்றிப் பணம் பறிப்பது ஒரு பக்கம். என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலையிறங்கப் போகிறேன் என்று தெரிந்தே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். தனியாகப் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் 84 கிலோ, மனைவி 66 கிலோ, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் இன்னொரு 20 கிலோ. மூன்றும் சேர்ந்தால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். வளைவில் ஹேண்டில் லேசாக மிதப்பது போலிருக்கும். குழியில் இறங்கினால் சஸ்பென்ஷன் அடி வரை போய் 'டொம்' என்று முட்டும். மனைவிக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. கொல்லிமலை போகலாம் என்று முடிவானதும், அதற்கு முன்னால் இதைச் சரி செய்துவிட வேண்டும் என்று தேடினேன்.

கோவைப் பக்கம் ஒரு சஸ்பென்ஷன் ட்யூனிங் கடை. ரீல்ஸ் நிறையப் போடுவார்கள், பெரிய பெரிய வண்டிகள் வரிசையாக நிற்கும். போன் செய்தபோது பேசியவர் மரியாதையாகப் பேசினார். "சார், ப்ரீலோட் மட்டும் ஏத்தினா பத்தாது. உங்க வெயிட்டுக்குத் தகுந்த ஸ்பிரிங் போடணும். பின்னாடி ஹெவி ஸ்பிரிங், முன்னாடி ஃபோர்க் ஸ்பிரிங், புது ஆயில், புது சீல், எல்லாம் சேர்த்து 18,500" என்றார். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள், சீல் என்பது அதிலுள்ள எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம். அவர் சொன்னதில் தப்பு எதுவுமே இல்லை. ப்ரீலோட் என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. அதற்கான ரிங்கை இறுக்கினால் வண்டி உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு கூடாது. விஷயம் தெரிந்தவர் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

நேரில் போனபோது அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு முழு நம்பிக்கையைக் கொடுத்தது. எங்கள் இருவர் எடையையும் கேட்டு நோட்டில் எழுதினார். வேலை முடிந்ததும் பின்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே பாடியில் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டார். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு. பிறகு எங்கள் இருவரையும் பெட்டியோடு ஏறி உட்காரச் சொல்லி இன்னொரு அளவு. வித்தியாசம் 55 மி.மீ. "180 மி.மீ. டிராவல்ல மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும் சார். பர்ஃபெக்ட். மேடம் நிம்மதியா உட்காரலாம்" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். டிராவல் என்றால் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரம். எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் புத்தம் புதிதாகச் சிவப்பில் மின்னியது. அங்கேயே நின்று யூபிஐயில் 18,500 அனுப்பினேன். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சென்ட் கூடும் சார், எதுக்கு? வாட்ஸ்அப்ல விவரம் அனுப்பிடறேன்" என்றார். இன்று வரை வரவில்லை.

ஈரோட்டிலிருந்து நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மேலே ஏறினோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே பழையபடி ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் அடி வரை முட்டியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன், முன்பக்கம் ஒரு ஃபோர்க் கால் முழுக்க எண்ணெய் வழிந்திருக்கிறது. அந்த எண்ணெய் இன்னும் கொஞ்சம் இறங்கி பிரேக் பேடிலோ டிஸ்க்கிலோ பட்டால், 70 வளைவும் இறங்க வேண்டிய இடத்தில் முன் பிரேக் பிடிக்காது. மனைவியையும் பெட்டிகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஃபோர்க்கில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதல் கியரிலேயே நான் மட்டும் இறங்கினேன். தனியாக ஓட்டும்போது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரம் 'டக்' என்று கீழே அடித்து, சீட் என்னைத் தூக்கிப் போட்டது.

அடுத்து ஆரம்பித்தது போன். முதலில், "புது ஸ்பிரிங் செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும் சார்." எண்ணெய் கசிகிறதே என்றதும், "ரோடு மோசம் சார், நாங்க என்ன பண்றது?" மறுபடி கேட்டபோது, "மேடம் வெயிட்டைக் குறைச்சுச் சொல்லியிருப்பாங்க." இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம்! பிறகு, வேலை செய்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான். பிறகு, வண்டியைக் கொண்டு வாங்க பார்ப்போம். எண்ணெய் வழிகிற வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நேற்று எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். பின் ஸ்பிரிங்கின் சிவப்பு பெயின்ட்டை அவர் சுரண்டினார். உள்ளே கம்பெனி பூச்சு அப்படியே இருக்கிறது. அவரிடம் சர்வீஸுக்கு நின்ற இன்னொரு ஹிமாலயனின் ஸ்பிரிங்கோடு வைத்து வெர்னியர் என்ற தடிமன் அளக்கும் கருவியில் அளந்தோம். அதே கம்பி, அதே சுற்று. ஸ்பிரிங் விறைப்புக்குக் கம்பியின் தடிமன்தான் உயிர். மற்றதெல்லாம் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 மி.மீ. ஆனாலே கிட்டத்தட்ட 38 சதவீதம் விறைப்பு கூடும். ஹெவி ஸ்பிரிங் என்றால் வித்தியாசம் அளவில் தெரிந்தே ஆக வேண்டும். இங்கே ஒன்றுமில்லை. ப்ரீலோட் ரிங்கைக் கடைசி வரை இறுக்கி வைத்திருந்தார்கள்.

ஃபோர்க்கில் செய்தது அதைவிட மோசம். ஸ்பிரிங்கும் பழசு, சீலும் பழசு. பழைய கறுப்பு எண்ணெயோடு புதிதைக் கலந்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய்க்கு மேலே காற்றுக்கென்று ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் ஃபோர்க் கெட்டியானது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அழுத்தம் சீலில் ஏறும். கடைசியில் சீல் போய்விடும். போய்விட்டது.

அந்த 55 மி.மீ. கணக்கின் சூதும் அப்போதுதான் புரிந்தது. ஆள் உட்கார்ந்த அளவை மட்டும் காட்டினார். ஆள் ஏறாமல் வண்டி தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் அளக்கவே இல்லை. ஸ்பிரிங் எடைக்குச் சரியானதா என்று சொல்வது இந்த அளவுதான். ஆள் ஏறியதும் 55 காட்டி, வெறும் வண்டி இறங்கவே இல்லை என்றால், மெல்லிய ஸ்பிரிங்கை முறுக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் அளந்தார். ஏறத்தாழ சைபர்.

இதைச் சொல்லி மெசேஜ் போட்டேன். "வெளியில பிரிச்சுட்டீங்க, வாரன்ட்டி போச்சு" என்று ஒரு வரி. அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மனைவி நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. 18,500 ரூபாய் என் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் சீலையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆள் ஏறியபோது, ஏறாதபோது என்ற இரண்டு அளவையும் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் வேலையே வேண்டாம். ஜோடியாகப் போகும்போது டயர் காற்றும் தனி அளவு, மேனுவலைப் பார்த்து அடியுங்கள். திரும்பித் தனியாக ஓட்டும்போது ப்ரீலோடைக் குறைத்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. யூபிஐ ரசீது, வீடியோ, வெர்னியர் அளவோடு போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கோவைப் பக்கம் இந்த மாதிரிக் கடையில் சமீபத்தில் வேலை செய்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே முன் ஃபோர்க் ராடை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.