பழைய ஹெரால்டு கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்தப் பெரியவரைக் கூட்டிப் போங்கள்

போன வருஷம் ஒரு பழைய ஃபியட் வாங்கினேன். பெயிண்ட் பளபளத்தது, இன்ஜின் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றப் போனபோதுதான் ஆர்.சி. புக்கில் உள்ள சேஸ் (அடிச்சட்டம்) நம்பரும் வண்டியில் அடித்திருந்த நம்பரும் வேறு வேறு என்று தெரிந்தது. அந்த வண்டி இன்னும் என் பெயருக்கு வரவில்லை. அடுத்த வண்டியை ஒரு தெரிந்த ஆள் பார்க்காமல் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் விற்கும் ஒரு கடையில்தான் இந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். இளம் வயதில் வண்டலூர் ஸ்டாண்டர்ட் கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். வண்டியை ரிப்பேர் பார்ப்பதில்லை. வாங்குகிறவரோடு போய், வண்டியைப் பார்த்து, அது என்ன வண்டி என்று சொல்வது மட்டும்தான் அவர் செய்யும் வேலை. கட்டணம் 2,500 ரூபாய், போக வர ஆகும் செலவு தனி.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நாலு கதவு ஹெரால்டு விலைக்கு வந்திருந்தது. ஆர்.சி.யில் 1970 என்று இருந்தது. முன்பக்கம் வெள்ளி நிறத்தில் 'டிரையம்ப்' என்று எழுத்து, அது இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர். விற்பவர் இதை இங்கிலாந்திலிருந்து வந்த இம்போர்ட்டட் வண்டி என்று சொல்லித்தான் அந்த விலை கேட்டார்.

பெரியவர் வண்டிக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். "தம்பி, கதவை எண்ணுங்க" என்றார். நாலு. "நாலு கதவு ஹெரால்டு சலூன் அங்க செய்யவே இல்ல. இது நம்ம ஊரு வண்டி." சலூன் என்றால் மேற்கூரை மூடிய சாதாரண கார்.

விஷயம் இதுதான். 1959இல் இங்கிலாந்தில் வந்தது டிரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அதையே 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் செய்தது. அங்கே சலூன் கடைசி வரை இரண்டு கதவுதான். இங்கே குடும்பத்தோடு போகிறவர்கள் பின்சீட்டுக்கு ஏற கஷ்டப்பட்டதால் 1968இல் மார்க் 3 என்ற மாடல் நாலு கதவோடு வந்தது. அப்படியென்றால் நாலு கதவு சலூன் மேல் டிரையம்ப் என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து பிறகு வந்து ஒட்டியதுதான். அருகில் போய்ப் பார்த்தோம். எழுத்து மாட்டிய துளைகளின் ஓரத்தில் புது பெயிண்ட் உரிந்து தகரம் மின்னியது. எனக்கென்னவோ ஸ்டாண்டர்ட் என்ற பெயரை அழித்ததுதான் பெரிய வருத்தம். இங்கிலாந்திலேயே இல்லாத வண்டி இது, அதற்கு எதற்கு அந்த ஊர்ப் பெயர்?

அப்புறம் ஜாக்கி கேட்டார். பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லி, வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒரே அச்சில் கட்டியவை அல்ல. இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸில் நிலையாக இருக்கும், அதற்கு மேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்ட் தனித்தனியாக ஆடும். அதனால் வண்டியைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கி நிற்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் நேராக நின்றன. "இது கெஸல் அச்சு" என்றார். ஆடும் அச்சு நம் ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை என்பதால் 1970களின் தொடக்கத்தில் வந்த கெஸல் என்ற காரில் ஸ்டாண்டர்ட் கம்பெனியே அதை மாற்றி, ஒரே அச்சாகப் போட்டது. யாரோ கெஸலிலிருந்து கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இப்படி மாற்றுவது ஹெரால்டில் எளிது என்றும் அவர்தான் விளக்கினார். டிரையம்புக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், தனி சேஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி வண்டியை அமைத்தார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழ்வதும் அப்படி வந்ததுதான். அதனால் மூன்று வண்டியின் துண்டுகளை ஒரே வண்டியாகக் கட்டிவிட முடியும். பார்க்கிறவருக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் பட்டது அடுத்து நடந்ததுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற சின்ன வெண்கலப் பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன போடுறீங்க?" என்று விற்பவரைக் கேட்டார். "கிரீஸ்தாங்க." பெரியவர் எழுந்துவிட்டார். அந்த இடத்துக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போக வேண்டும். கிரீஸ் போட்டால் உள்ளே மரைக்குச் சரியாகப் போய்ச் சேராது, தண்ணீர் தங்கி உள்ளுக்குள் துருப்பிடித்து ஒருநாள் முறியும், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். "ஓட்டிப் பாக்க வேணாம் தம்பி, கழற்றிப் பாத்துட்டுத்தான்" என்றார். ஆசையாகப் போயிருந்தேன், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு அடியில் வைத்துப் பார்த்ததில் இரண்டு கதவுகளில் சரியாக ஒட்டவில்லை, பட்டி கனமாகப் பூசியிருந்தது தெரிந்தது. இன்ஜின் 948 சி.சி., ஆர்.சி.யில் உள்ள நம்பர்தான். சேஸ் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னார். சரியாக இருந்தது.

வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வண்டி உண்மை, அச்சு வேற, எழுத்து பொய்" என்றார், அவ்வளவுதான். விற்பவர் 40,000 குறைத்தார். வாங்கினேன்.

குறைகளும் உண்டு. எட்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பத்தரைக்கு வந்தார். எழுதித் தர மாட்டார், நாம்தான் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டர்டும் ஃபியட்டும் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். அம்பாசடரைப் பற்றிக் கேட்டேன், தெரியாது என்று சொல்லிவிட்டார். இந்தப் பதிலுக்காகவே அவர் சொன்ன மற்றதை எல்லாம் நம்பினேன். வின்டேஜ் பதிவு பற்றியும் அவரிடம் கேட்காதீர்கள், அது அவர் வேலை இல்லை. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' என்ற வரிசையில் புது நம்பர் வாங்கலாம், கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, நான் அதைத்தான் செய்யப் போகிறேன்.

டிரனியனைக் கழற்றிய அன்றைக்குக் கூப்பிடாமலே வந்தார். ஒரு பக்கம் நன்றாக இருந்தது, இன்னொரு பக்கம் மரை தின்றுபோயிருந்தது. புதிது போட்டு, கியர் ஆயிலை அவர் கையாலேயே ஏற்றிவிட்டு, பணம் வாங்க மறுத்துவிட்டார். டிரையம்ப் எழுத்தைக் கழற்றியாகிவிட்டது. பழைய ஹெரால்டு அச்சுக்காகப் புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறார். வலது பக்க அரை ஷாஃப்ட் போன வாரம் கிடைத்தது, இடது பக்கத்துக்குக் காத்திருக்கிறோம்.